இவண்

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வருகிறவர்களிடம் நான் மூன்றே கேள்விதான் கேட்பேன். போட்டோ இருக்கா? தோற்றம், மறைவு தேதி என்ன? இவண்ல யார் யார் பேர் வரணும்? முதல் இரண்டுக்கும் பதில் உடனே வந்துவிடும். மூன்றாவதுக்குத்தான் கடைக்குள்ளேயே சண்டை நடக்கும். யார் பேர் முதலில், யார் பேர் பெரிய எழுத்தில், போன மாதம் கோபித்துக்கொண்டு போனவன் பேரைச் சேர்ப்பதா வேண்டாமா. செத்தவன் அந்த நேரத்தில் ஸ்டான்லி மார்ச்சுவரியில் கிடப்பான். இங்கே பத்துப் பன்னிரண்டு பையன்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணா, என் பேரை கொஞ்சம் மேல ஏத்துணா" என்பார்கள்.

2007-ல் வியாசர்பாடியில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். 2014-ல் அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸ், ஃபுட்பால் டோர்னமென்ட் பிட் நோட்டீஸ் எல்லாம் வரும். அஞ்சலி போஸ்டரும் வரும். பெரும்பாலும் வயதானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், பைக்கில் விழுந்த பையன்கள். நடுவில் அவ்வப்போது 'சம்பவம்', அதாவது கொலை. போஸ்டரில் எப்படிச் செத்தான் என்று யாரும் எழுதுவதில்லை. 'அகால மரணம்' என்று போட்டால் அதுவே அதிகம். ஆனாலும் தோற்றத்தையும் மறைவையும் கழித்துப் பார்த்தால் இருபத்து நாலு, இருபத்து ஏழு, முப்பத்து ஒன்று என்று வரும். போட்டோவில் கூலிங்கிளாஸ் இருக்கும். பேருக்கு நடுவில் ஒரு 'என்கிற' இருக்கும். அந்த 'என்கிற' ரொம்ப முக்கியம். அம்மா அப்பா வைத்த பேரை விட்டாலும் விடுவார்கள், பட்டப்பேரை விட விடமாட்டார்கள். எஃப்ஐஆரிலும் அதே 'என்கிற'தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கணினியை மேலே தூக்கி வைத்துத் தப்பித்தேன். அதற்கப்புறம் பயந்துபோய்ப் பழைய ஃபைல்களையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பேர் மாற்றிச் சேமிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு போஸ்டரில் இவண் வரிசையில் மூன்றாவதாக இருந்தவன், ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு போஸ்டரில் போட்டோவாக இருந்தான். அந்தப் போஸ்டரின் இவண் வரிசையில் இருந்த ஒருவன் அடுத்த போஸ்டரில். அடித்தது எல்லாம் நான்தான். அடிக்கும்போது தெரியவில்லை, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வட சென்னை என்றால் கத்தி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பேசின் பிரிட்ஜில் இருந்து கொடுங்கையூர் வரை, ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை லட்சக்கணக்கான ஜனம். விடிகாலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற பெண்கள், மணலி கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், ஸ்டான்லியில் நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள். என் ஹார்ட் டிஸ்கில் மாறி மாறி வருகிற பேர்களோ சில டஜன். ஐந்தாறு தெருக்கள், இரண்டு மூன்று ஹவுசிங் போர்டு பிளாக்குகள். கொன்றவனும் செத்தவனும் பல நேரம் ஒரே ஸ்கூலில் படித்தவர்கள், ஒரே டீமில் பந்து ஆடியவர்கள். ஒரே வழக்கில் உள்ளே போய்ப் புழல் ஜெயிலில் ஒன்றாக இருந்து, அங்கே யார் யாரிடம் வாய்விட்டார்கள் என்பதில் பிரிந்தவர்கள். வழியில் போகிற யாரையும் வெட்டுகிற வெறி இதில் கிடையாது. இது ஆள் பார்த்து, நாள் பார்த்து நடக்கிறது.

நாள் பார்த்து என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டருக்கு ஆர்டர் ஒரு வாரம் முன்னாடியே வரும். அந்த ஒரு வாரமும் ஏரியாவில் டென்ஷன் இருக்கும். நினைவு நாளுக்குள் 'பதில்' சொல்லிவிட வேண்டும் என்று சபதம் போட்டவர்கள் இருப்பார்கள். இல்லையென்றால் போஸ்டர் ஒட்டும்போது எதிர்த் தரப்பு கிழித்துவிட்டு, கிழித்ததே புதுப் பகையாகும். போலீஸுக்கும் இது தெரியும். ஒரு ஏட்டு அப்போதெல்லாம் சும்மா டீ குடிக்க வருகிற மாதிரி கடைக்கு வருவார். "இந்த மாசம் எதுனா நினைவஞ்சலி இருக்காப்பா?" என்பார். சொன்னால் நாளைக்குப் பையன்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு வா என்பார். "வேலை அதிகம் சார், கல்யாண சீசன்" என்று சமாளிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே என் மானிட்டரை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அடுத்த நாள் அந்தத் தெருமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ஒரு கொலை தள்ளிப் போயிருக்கலாம். சில சமயம் நிறைய நாள் தள்ளிப்போகவும் செய்யும்.

இடையில் ஒரு வேடிக்கை. 2017 அக்டோபரில், பேனரில் உயிரோடு இருப்பவர்களின் படம் வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அது ரொம்ப நாள் நிற்கவில்லை, இரண்டே மாதத்தில் மாறிவிட்டது. அந்த இரண்டு மாதமும் பிறந்தநாள் பேனர் ஆர்டர்கள் படுத்துவிட, அஞ்சலி மட்டும்தான் வந்தது. "இனிமே செத்தாதான் பேனர்ல வர முடியும் போலக் கீது" என்று ஒரு பையன் கிண்டலாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

மறைவு தேதியோடு சிலர் நேரத்தையும் சொல்வார்கள். நடுராத்திரி, குடிக்கக் கூப்பிட்ட இடம் என்பது பழைய கதை. கூப்பிட்டவன் பெரும்பாலும் கூடவே திரிந்த நண்பன். 'ஆள் காட்டி'. இன்னொரு நேரம் காலை பத்து, பத்தரை. அது எனக்கு முதலில் புரியவில்லை. ஜூனியர் வக்கீல் ஒருவர் விசிட்டிங் கார்டு அடிக்க வந்தபோது விளக்கினார். கொலை முயற்சி மாதிரி வழக்குகளில் ஜாமீன் கொடுக்கும்போது, தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கோர்ட் நிபந்தனை வைக்கும். வீடு மாற்றி வீடு படுத்து, போன் நம்பர் மாற்றி ஒளிந்து திரிகிறவன், தினமும் ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில் வந்தே ஆக வேண்டும். எதிராளிக்கு ஸ்கெட்ச் போட இதற்கு மேல் என்ன வேண்டும்? உயிருக்கு ஆபத்து என்று மனுப் போட்டு வேறு ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட அனுமதி வாங்கலாமாம். அதற்கு நல்ல வக்கீல் வேண்டும், வெளியூரில் தங்கக் காசு வேண்டும். வசதி இருக்கிறவன் வேலூரில் கையெழுத்துப் போடுவான், இல்லாதவன் இங்கேயே நடந்து போவான்.

எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். முறைத்துப் பார்த்தான். அவன் தங்கச்சிக்கு மெசேஜ் அனுப்பினான். சாவு ஊர்வலத்தில் பூவை எறியும்போது எங்கள் வீட்டு வாசலில் வேண்டுமென்றே எறிந்தான். கானாவில் எங்க ஏரியா பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ணினான். இப்போதென்றால் ஸ்டேட்டஸ், ரீல்ஸ். பட்டாக்கத்தியோடு ஒரு நிமிட வீடியோ, பின்னால் பாட்டு, இன்னாருக்கு என்று பேர் சொல்லாமல் ஒரு வரி. இது வியாசர்பாடிக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுக்க 28,522 கொலை வழக்குகள். அதில் 9,962-க்குக் காரணம் தகராறு. முன்விரோதம் 3,761. ஆதாயத்துக்காக நடந்தது 1,884. ஆக, இந்தியாவில் மனிதனை மனிதன் கொல்வதற்கு முதல் காரணம் தகராறுதான். அது சில தெருக்களில் மட்டும் முடியாமல் அடுத்த வருடத்துக்குப் போகிறது, அதற்கடுத்த வருடத்துக்கும் போகிறது.

போகக் காரணம், அந்தச் சண்டையில் யாருக்கோ உபயோகம் இருக்கிறது. முறைத்தவனை வெட்டிவிட்டு உள்ளே போன பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஜாமீன் எடுக்க ஒரு 'அண்ணன்' வருவார். வக்கீல் ஃபீஸ், வீட்டுக்கு அரிசி, புழலில் மனு போட்டுப் பார்க்க வரும்போது பிரியாணி. வெளியே வந்ததும் அவன் அவருடைய ஆள். பழைய இரும்பு எடுக்கிற இடத்தில் யார் லாரி உள்ளே போக வேண்டும், காலி மனைக்கு யார் வேலி போட வேண்டும், வட்டிக்கு விட்ட காசை யார் கேட்கப் போக வேண்டும் என்பதற்கெல்லாம் அவன் முகம் போதும். கத்தியை எடுக்கவே வேண்டாம். அவன் பேரில் ஒரு வழக்கு இருப்பதுதான் அவனுடைய படிப்புச் சான்றிதழ். கஞ்சாவும், இப்போது ஆறேழு வருடமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பழக்கமும் இதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன. மாத்திரைக்கு அடிமையானவன் மூவாயிரம் ரூபாய்க்கு ஆள் காட்டுவான் என்பது தெருவில் எல்லாரும் அறிந்த விலை.

எங்க அப்பா பின்னி மில்லில், அதாவது பி அண்ட் சி மில்லில், நெசவுப் பிரிவில் இருந்தார். பெரம்பூரில் அந்த மில் சங்கு ஊதினால் புளியந்தோப்பு முழுக்க எழுந்துகொள்ளும். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான், பி.பி. வாடியா, திரு.வி.க. காலத்தில். 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களைச் சாதியாகப் பிரித்து மோதவிட்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்து, துப்பாக்கிச் சூடு வரை போனதை எங்க தாத்தா அவர் அப்பா சொன்னதாகச் சொல்வார். 'கலவர ஏரியா' என்று எங்களுக்குப் பேர் விழுந்து நூறு வருடம் தாண்டிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். மில் 1996-ல் மூடியது. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா அண்ணா நகரில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் மில்லில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள். ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். இன்னொருவர் ஸ்கிராப் கடையில் 'பார்த்துக்கொள்கிற' வேலைக்குப் போனார். எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று பெரியம்மா கேட்டதில்லை. மில் மூடியதால் கொலை நடந்தது என்று நேராகக் கோடு போட எனக்குத் துணிச்சல் இல்லை. மில்லில் வேலை இழந்த வீடுகளில் பெரும்பாலானவர்கள் வாட்ச்மேன் ஆனார்களே தவிர ரவுடி ஆகவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் ஓர் இடத்தில் இருக்க வைத்து, மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்து, பண்டிகைக்கு போனஸ் கொடுத்த இடம் போனபின், அந்த எட்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ள வேறு ஆட்கள் வந்தார்கள்.

ஹவுசிங் போர்டு இடிந்து, கால்வாய்க் கரை குடிசைகள் அகற்றப்பட்டு, ஊரின் தென்கோடியில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களும் உண்டு. வீடு அங்கே, பகை இங்கே. இரண்டு பஸ் மாறி வந்து நினைவஞ்சலி போஸ்டர் அடித்துக்கொண்டு போவார்கள். ஒட்டுவது வியாசர்பாடியில்தான். அங்கே ஒட்டினால் யாருக்குத் தெரியும்?

சின்னப் பசங்களைச் சேர்ப்பது இப்போது அதிகம். பதினாறு, பதினேழு. மைனர் என்றால் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லம், சீக்கிரம் வெளியே. இது 'அண்ணன்'களுக்குச் சட்டப் புத்தகம் படிக்காமலே தெரியும். 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டப்படி பதினாறு முடிந்தவனைக் கொடுங்குற்றத்தில் பெரியவனாகவே வைத்து விசாரிக்கலாம் என்பதை அந்தப் பையனுக்கு யாரும் சொல்வதில்லை. வெட்டியவன் ஒருவன், கோர்ட்டில் போய் சரண்டர் ஆகிறவன் வேறொருவன் என்பதும் நடக்கும். சரண்டர் ஆனவன் பேர் அடுத்த போஸ்டரில் இரண்டு சைஸ் பெரிதாக வரும்.

அரசு என்ன செய்கிறது? நிறையச் செய்கிறது. குண்டாஸ் இருக்கிறது. 1982-ல் கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் விற்பவர்கள், ரவுடிகள் என்று ஆரம்பித்த தடுப்புக் காவல் சட்டம். பிறகு திருட்டு விசிடி, மணல், சைபர் என்று வளர்ந்துகொண்டே போனது. விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். வீட்டுக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். கொடுத்த நகல் படிக்கிற மாதிரி இல்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று ஏதாவது ஒரு காரணத்தில் உத்தரவு ரத்தாகும். ஆறேழு மாதத்தில் ஆள் வெளியே. அந்த ஆறேழு மாதத்தில் புழலில் கிடைத்த புது நண்பர்களோடு வருவான். அப்புறம் 'நூத்திப்பத்து', பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவு. நன்னடத்தைப் பத்திரம். ஒரு வருடம் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், மீறினால் மிச்ச நாள் ஜெயில். போலீஸ் துணை கமிஷனர்களே நடுவராக உட்கார்ந்து இதைச் செய்துவந்தார்கள். பிடிப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே இலாகாவாக இருக்கக் கூடாது என்று 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு வருகிற பையன்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம்கள் எவ்வளவு வழுக்கும் என்பது உலகம் அறிந்தது. மாவுக்கட்டு போட்டோவை ஸ்டேட்டஸாக வைக்கிறவர்களையும் பார்த்துவிட்டேன். அவமானப்படுத்தத்தான் அந்தப் போட்டோவை வெளியே விடுகிறார்கள் என்றால், அது வேலை செய்யவில்லை.

2022-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் 'சிற்பி', முதல் தடவை உள்ளே போன இளைஞர்களுக்குப் 'பறவை' என்று திட்டங்கள் வந்தன. இவற்றை நான் கிண்டல் பண்ண மாட்டேன். என் கடைக்கு எதிர்வீட்டுப் பையன் ஒருவன் அப்படித்தான் ஏசி மெக்கானிக் வேலைக்குப் போனான். இன்றைக்கும் போகிறான்.

2024 ஜூலை 5. பெரம்பூரில் வேணுகோபால்சாமி தெருப் பக்கம், கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டுக்கு முன்னால் நின்றிருந்த பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். வந்தவர்கள் உணவு டெலிவரி சட்டையில் வந்தார்கள். முந்தைய வருடம் ஆகஸ்டில் பட்டினப்பாக்கத்தில் நடந்த ஒரு கொலைக்குப் பழி என்று போலீஸ் சொன்னது. அந்தக் கொலையின் முதல் நினைவு நாளுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது என்பதை நான் விரல் விட்டு எண்ணினேன். என் தொழிலில் அதுதான் முதலில் தோன்றும். அவர் வக்கீல், கவுன்சிலராக இருந்தவர், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரைச் சட்டம் படிக்க வைத்தவர் என்று இங்கே சொல்வார்கள். அன்று ராத்திரி தொடங்கி மூன்று நாள் நான் தூங்கவில்லை. தெருத்தெருவாக வந்து நின்றார்கள். அந்தப் போஸ்டர்களின் இவண் வரிசையில் டீச்சர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், இட்லிக் கடை அக்காவின் பேர் இருந்தது. மூன்றாம் நாள் கமிஷனர் மாற்றப்பட்டார். ஒன்பதாம் நாள் கைதானவர்களில் ஒருவர் மாதவரம் பக்கம் போலீஸ் சுட்டு இறந்தார். செப்டம்பரில் வியாசர்பாடியிலேயே இன்னொரு என்கவுன்ட்டர். ஆம்ஸ்ட்ராங் கொலைக் குற்றப்பத்திரிகையில் 30 பேர். முப்பது பேருக்குமே வீடு இருக்கும், அம்மா இருப்பார், எல்லா வீட்டிலும் வருடா வருடம் ஒரு தேதி இனி வரும் என்றுதான் எனக்குப் படுகிறது. சுட்டால் தீரும் என்று டீக்கடையில் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இதில்தான். சுடப்பட்டவனுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கச் சொல்லி வருவார்கள். வந்தார்கள்.

இந்தச் சில டஜன் பேர்களுக்கான அபராதத்தை மொத்தமாக நாங்கள் கட்டுகிறோம். 2014-ல் கடைக்கு ஃபிளெக்ஸ் மெஷின் வாங்க ஒரு பேங்கில் லோன் கேட்டேன். சம்பளச் சீட்டு, வருமான வரி, எல்லாம் சரி. ஃபீல்டு ஆபீசர் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், உங்க பின்கோடு நெகட்டிவ்ல இருக்கு." ஒரு பின்கோடுக்குக் குணம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தங்கைக்கு வரன் பார்க்கும்போது விருகம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் பெண் பார்க்க ஏற்பாடு செய்தோம், வீட்டுக்கு வர அவர்கள் யோசித்தார்கள். செரியன் நகர் ஆட்டோ டிரைவர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது எங்கள் பக்கமெல்லாம் பேனர் கட்டினார்கள். நானும் இரண்டு அடித்தேன். காசு வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க வட சென்னை என்ற வார்த்தை டிவியில் நல்லவிதமாக வந்தது. ஒரு வாரம்தான்.

போன வருடம் ஒரு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பையன்கள் வந்து பேர் கொடுத்து, புரூஃப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ராத்திரி ஒன்பதரை இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஓர் அம்மா குனிந்து உள்ளே வந்தார். தலையில் இருந்து மீன் வாடை, கையில் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் மானிட்டரையே பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து, ஐந்தாவது பேரில் நிறுத்தினார்.

"இது எம்புள்ள. எட்துடு நைனா."

பசங்க கேப்பாங்கம்மா, என்றேன்.

"கேட்டா மெசின் தப்புனு சொல்லு. கால்ல வேணா வுழறேன்."

அதற்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அந்தப் பேரை அழித்தேன். வரிசையில் ஓட்டை தெரியாமல் இருக்க மற்ற பேர்களின் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். அவர் மறுபடி விரல் வைத்து முதலில் இருந்து படித்தார். ஐந்தாவது இடத்தில் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ இருந்தான். அவனைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் பையன்கள் போஸ்டர் கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் மட்டும் பிரித்துப் பார்த்து, கீழே இருந்த பேர்களை எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். பிறகு என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அவன்தான் அந்தப் பையனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த அம்மா அன்று ராத்திரி ஷட்டர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். இடுப்புச் சுருக்குப் பையில் இருந்து ஐம்பது ரூபாயை எடுத்து கீபோர்டு மேல் வைத்தார்.

"ரெண்டாவது வருசம் அடிக்க வருவானுங்க இல்ல. அதுக்கும் சேத்து சொல்ட்டுப் போறேன்."

ஆர்டர் நோட்டில் அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.